பாகு வைத்தும் தேனீக் கூட்டம் சிறுத்துப் போகிறதா? மகரந்தத்தைக் கவனியுங்கள்

தேனும் சீனியும் தேனீ பறக்கத் தெம்பு தரும். உடம்பைக் கட்டுவதும் ஆயுளைத் தீர்மானிப்பதும் மகரந்தம். வாரம் தவறாமல் சீனிப் பாகு வைத்தும் பெட்டியில் கூட்டம் குறைந்துகொண்டே போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தான் வளர்ந்த மெழுகு அறையின் மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் வேலைக்காரத் தேனீ, முதல் ஏழு, பத்து நாட்களுக்கு வயிறார மகரந்தம் தின்ன வேண்டும். அது விட்டெல்லோஜெனின் என்ற புரதமாக வயிற்றிலுள்ள கொழுப்புத் திசுவில் சேர்கிறது. புழுக்களுக்கு ஊட்டும் பால் சுரப்பதும், நோயைத் தாங்குவதும் இந்தச் சேமிப்பால்தான். அது இல்லாத தேனீ வயதுக்கு முன்பே இரை தேடக் கிளம்பி, சீக்கிரமே செத்துவிடும். நன்றாகத் தின்று வளர்ந்தது ஐந்தாறு வாரம் உழைக்கும். குளிர் நாடுகளில் பனிக்கு முன் பிறக்கும் தேனீக்களுக்குப் புழு வளர்க்கும் வேலை குறைவு. சேமிப்பு செலவாகாததால் அவை 5, 6 மாதம்கூட வாழ்கின்றன.

குமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் இதை மறக்கவே கூடாது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. துளிர் இலைக் காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. தேன் கொட்டும், மகரந்தம் வராது. பக்கத்தில் தென்னை இருந்தால் வருடம் முழுக்க மகரந்தம் கிடைக்கும். தொட்டாச்சிணுங்கியைக் களை என்று வெட்டித் தள்ளாதீர்கள். பலவகைப் பூ கலந்த மகரந்தம், ஒரே பயிரின் மகரந்தத்தைவிட நல்லது.

முதலில் சோதனை. காலை 7 முதல் 9 மணிக்குள் வாசலைப் பாருங்கள்; காலில் மகரந்த உருண்டையோடு வருபவை அரிதாக இருந்தால் பற்றாக்குறை. அடுத்து, பெட்டியில் புழு வளரும் தட்டிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். இளம்புழு வெள்ளைப் பாலில் மிதந்தால் நல்லது. அறையின் அடி காய்ந்து புழு மட்டும் சுருண்டு கிடந்தால் புழுவுக்கு ஊட்டும் செவிலித் தேனீக்களிடம் பால் இல்லை. முட்டை இருந்தும் புழு குறைவாக இருந்தால், பசியில் அவையே புழுவைத் தின்கின்றன.

ஜூன், ஜூலை மழையில் இந்த நிலை வந்தால் பாகு, மகரந்தத்துக்குப் பதிலான மாவு இரண்டும் கொடுக்க வேண்டும்.

பாகுக்கு 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 1 கிலோ வெள்ளைச் சீனியைக் கரையுங்கள். சீனி போட்ட பிறகு காய்ச்சாதீர்கள், எலுமிச்சையும் பிழியாதீர்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் தேனீக்கு நஞ்சாகும் பொருள் உண்டாகும். வெல்லம், கருப்பட்டி வேண்டாம், வயிறு கழியும். இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றுக்கு 200 மி.லி. ஆறிய பாகைச் சிரட்டையில் ஊற்றி, மூழ்காமலிருக்கக் குச்சிகள் போட்டு, சாயங்காலம் உள்ளே வையுங்கள். வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டிக் கூட்டம் கொள்ளையடிக்க வரும். மறுநாள் மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை குறைத்து வையுங்கள். அதிகமானால் அறைகளெல்லாம் பாகால் நிரம்பி, ராணிக்கு முட்டையிட இடமிருக்காது.

மகரந்தத்துக்குப் பதிலாக, கொழுப்பு நீக்கி வறுத்த சோயா மாவு 300 கிராம், உலர்ந்த புரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிக்கும் ஈஸ்ட்) 100 கிராம், பொடித்த சீனி 300 கிராம் எடுத்து, கெட்டிப் பாகு விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். சொந்தப் பெட்டியில் சேர்த்த மகரந்தம் கொஞ்சம் கலந்தால் வாசனைக்கு உடனே தின்னும். வெளியில் வாங்கிய தேனோ மகரந்தமோ வேண்டாம். 1990களில் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலியாக்கிய தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) போன்ற, புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய்கள் அதில் வரலாம். பால் பவுடரையும் சேர்க்காமல் விடுவது நல்லது, அதிலுள்ள லாக்டோஸ் தேனீக்குச் செரிக்காது.

30 கிராம் அளவுக்கு அடையாகத் தட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, அடியில் இரண்டு கீறல் போட்டு, புழுச் சட்டங்களின் மேலேயே வையுங்கள். ஒரு கை தள்ளி வைத்தால்கூடச் சீண்டாது. ஒரு வாரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள், பூஞ்சையும் மெழுகுப் பூச்சியும் ஏறும். இது பஞ்சத்தைத் தாண்ட மட்டுமே. பூ மகரந்தத்துக்கு ஈடாகாது. வாசலில் மகரந்த உருண்டைகள் மறுபடி வரத் தொடங்கியதும் மாவை நிறுத்துங்கள். தேன் சேரும் மேல் தட்டை ஏற்றும் முன்பே பாகையும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அது தேனில் கலந்துவிடும்.