கொரோனா மாதிரி இன்னொண்ணு வந்தா வகுப்பறைக்குள்ள டீச்சர் தன்னை எப்படி பாத்துக்கிறது? புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு ஒரு செய்முறை

புதுசா ஜாயின் பண்ண ஒரு தங்கச்சி போன வாரம் ஸ்டாஃப் ரூம்ல கேட்டாங்க, "அக்கா, கொரோனா டைம்ல நீங்கல்லாம் எப்படி கிளாஸ் எடுத்தீங்க?"ன்னு. அவங்க அப்ப காலேஜாம், ஆன்லைன் கிளாஸ்ல வீடியோவ ஆஃப் பண்ணிட்டு தூங்கினதா அவங்களே சொல்றாங்க. பதில் சொல்ல ஆரம்பிச்சா லஞ்ச் பீரியட் பத்தல, சரி எழுதியே வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

தமிழ்நாட்டுல பள்ளிக்கூடத்த 2021 ஜனவரி 19ம் தேதி 10, 12க்கு மட்டும் திறந்தாங்க, பிப்ரவரியில 9, 11 வந்துச்சு, மார்ச்ல திரும்ப மூட ஆரம்பிச்சு, செப்டம்பர் 1க்கு 9ல இருந்து 12 வரைக்கும், நவம்பர் 1க்கு சின்னப் பிள்ளைங்கன்னு மூடி மூடி திறந்த கதை அது. ஒவ்வொரு தடவையும் கேட்ல ஒரே சடங்குதான். டெம்பரேச்சர் கன், சானிடைசர், சுண்ணாம்புல வட்டம். உள்ள போனா கிளாஸ்ல ஒரு பக்க ஜன்னல் மொத்தமா மூடிக் கிடக்கும், கேட்டா காத்துல படபடன்னு அடிக்குது டீச்சர்ம்பாங்க. வாசல்ல ரெண்டு பூட்டு போட்டுட்டு கொல்லைப்பக்கத்த திறந்து போட்ட மாதிரி.

ஏன்னா இந்த நோய் முக்கியமா போறது காத்துலதான். ஒருத்தர் மூலையில உக்காந்து பீடி புடிச்சா ரூம் பூரா வாசனை வருதுல்ல, மூச்சுல வர்ற நுண்ணிய துளியும் அப்படித்தான் மிதக்கும். உலக சுகாதார அமைப்பே அதை தெளிவா எழுதினது 2021 ஏப்ரல் கடைசிலதான், அதுக்குள்ள நாம லிட்டர் லிட்டரா சானிடைசர் வாங்கி முடிச்சிருந்தோம். அதனால கீழ உள்ளதுல காத்துக்கும் தொண்டைக்கும்தான் முதல் இடம், மத்ததெல்லாம் அப்புறம்.

ஸ்டெப் 1: ஊதுபத்தி கொளுத்துங்க

சாமிக்கு இல்ல, கிளாசுக்கு. பசங்க வர்றதுக்கு முன்னாடி காலையில ஒரு ஊதுபத்திய கொளுத்தி டீச்சர் டேபிள்கிட்ட நின்னு பாருங்க. புகை ஒரு பக்கமா சாஞ்சு ஜன்னல் வழியா வெளிய போனா நல்ல ரூம். நேரா மேல போய் ஃபேன்ல பட்டு சுத்தி உங்க மூஞ்சிக்கே திரும்பி வந்தா அந்த ரூம்ல காத்து வரவும் இல்ல, போகவும் இல்ல. இதுல பல பேர் ஏமாந்து போறது சீலிங் ஃபேனாலதான், ஜில்லுன்னு இருக்கே காத்து நல்லா வருதுன்னு நினைச்சுக்குவாங்க, ஆனா சீலிங் ஃபேன் உள்ள இருக்கிற அதே காத்ததான் கிளறி விடுது, புதுக் காத்த கொண்டு வர்றது ஜன்னல்தான்.

எதிரெதிர் பக்கம் ரெண்டும் திறந்திருக்கணும். வராண்டா பக்கம் கதவு, அந்தப் பக்கம் ஜன்னல், ரெண்டுல ஒண்ணு மூடினாலும் ஓட்டம் நின்னுடும். கொண்டி துரு புடிச்சு இறங்கலன்னா தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஒரு நாள் ஊற வைங்க, கதவு அடிச்சுக்குதுன்னா கயித்தால கம்பியில கட்டுங்க இல்ல அரைச் செங்கல் வைங்க. நான் அப்ப இருந்த ஒரு பள்ளிக்கூடத்துல கிழக்கு ஜன்னல் ஆணி அடிச்சே மூடி இருந்துச்சு, பக்கத்து வயல்ல மாடு மேயறத பாத்துட்டு பசங்க பாடத்த கவனிக்கலன்னு யாரோ எப்பவோ அடிச்சதாம். அத கழட்ட நாலு நாள் அலைஞ்சேன்.

அப்பவும் புகை போகலன்னா ஒரு டேபிள் ஃபேன ஜன்னல்ல வெளிய பாத்த மாதிரி வைங்க, உங்கள பாத்த மாதிரி இல்ல. உள்காத்த அது தள்ளித் தள்ளி வெளிய விடும், கதவு வழியா புதுசு வரும். ஏசி போட்ட ஸ்மார்ட் கிளாஸ், கம்ப்யூட்டர் லேப் இதெல்லாம்தான் ரொம்ப மோசம், அந்த மாதிரி நேரத்துல ஏசிய ஆஃப் பண்ணிட்டு வேர்த்தாலும் பரவாயில்லன்னு ஜன்னல திறங்க.

கையில காசு இருந்தா, இல்ல எஸ்.எம்.சி.ல (பள்ளி மேலாண்மைக் குழு) கேக்க முடிஞ்சா, ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கலாம். வெளிக்காத்துல சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்துல 420 பங்கு) காட்டும், கிளாஸ்ல 800க்குள்ள இருந்தா நிம்மதி, 1500 தாண்டினா அடுத்தவங்க விட்ட மூச்சத்தான் நாம இழுத்துட்டு இருக்கோம்னு அர்த்தம், பசங்கள கூட்டிட்டு வேப்பமரத்தடிக்கு போயிடுங்க. இங்கிலாந்துல 2021 கடைசியில அரசே பள்ளிக்கூடங்களுக்கு இந்த மீட்டர கொடுத்துச்சு. வாங்கும்போது என்.டி.ஐ.ஆர். சென்சாரான்னு, அதாவது அகச்சிவப்பு ஒளிய வச்சு அளக்கிறதான்னு கேளுங்க. ஆன்லைன்ல மலிவா கிடைக்கிறது சிலது டுபாக்கூர், சானிடைசர் தடவின கைய பக்கத்துல காட்டினா நம்பர் ஜிவ்வுன்னு ஏறும், அப்படி ஏறினா அது கார்பன் டை ஆக்சைட அளக்கவே இல்லன்னு தெரிஞ்சுக்கலாம், உடனே ரிட்டர்ன் போடுங்க.

ஸ்டெப் 2: மாஸ்க், அதுல கண்ணாடி சொல்ற செய்தி

துணி மாஸ்க் அழகா இருக்கும், புடவைக்கு மேட்சா கூட தச்சுக்கிட்டோம், ஆனா நாள் முழுக்க நாப்பது பேர் நடுவுல நிக்கிற ஆளுக்கு அது பத்தாது. என்95 இல்ல எஃப்.எஃப்.பி.2 வாங்குங்க. முன்னாடி வட்டமா பிளாஸ்டிக் வால்வு வச்சது வேண்டாம், நீங்க விடுற மூச்சு அதுல வடிகட்டாம வெளிய போகும், 2020 ஜூலையிலயே மத்திய சுகாதாரத்துறை அத போடாதீங்கன்னு சொல்லியாச்சு.

போட்டுட்டு மூக்கு மேல இருக்கிற கம்பிய ரெண்டு கை விரலாலயும் அமுக்கி விடுங்க. ஒரு கையால கிள்ளினா நடுவுல மடங்கி ரெண்டு பக்கமும் ஓட்டை விழும். அப்புறம் உள்ளங்கையால மாஸ்க்க மூடிக்கிட்டு ஒரு ஊது. கண்ணாடியில ஆவி படிஞ்சா மேல லீக், கன்னத்துல காத்து பட்டா சைடுல லீக். கண்ணாடி போட்ட டீச்சர்ங்களுக்கு இது ஓசியில கிடைச்ச டெஸ்டிங் மெஷின். தாடி வச்ச சாருங்க மன்னிக்கணும், தாடிக்கு மேல எந்த என்95-ம் ஒட்டாது. கொண்டை போட்டு பூ வச்சிருந்தா தலையச் சுத்துற பட்டை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு போட்டுட்டு அப்புறம் பூ வைங்க, இல்லன்னா பட்டைய கழட்டும்போது பூவும் கையோட வந்துடும்.

துவைக்காதீங்க, ஸ்பிரிட் சானிடைசர் எதையும் அதுல தெளிக்காதீங்க. அந்தத் துணியில ஒரு மின்னேற்றம் இருக்கு, தூசிய இழுத்துப் புடிக்கிறதே அதுதான், ஸ்பிரிட் பட்டா போச்சு. அஞ்சு காகிதக் கவர் எடுத்து திங்கள், செவ்வாய்னு எழுதி மாத்தி மாத்தி போடுங்க, பட்டை தொளதொளன்னு ஆனாலோ சாக்பீஸ் தூள் படிஞ்சு அழுக்கானாலோ தூக்கிப் போட்டுடுங்க.

ஸ்டெப் 3: தொண்டைய காப்பாத்துங்க

இத யாரும் சொல்லித் தர்றதில்ல, ஆனா என்னைக் கேட்டா இதுதான் மெயின். என்95 போட்டு பாடம் நடத்தினா கடைசி பெஞ்சுக்கு கேக்காது. "டீச்சர் கேக்கல"ன்னு ஒரு குரல் வரும். நம்ம கை தன்னால போய் மாஸ்க்க தாடைக்கு இறக்கும். இறக்கிட்டு சத்தமா வேற பேசுவோம், சத்தமா பேசினா வாயில இருந்து வர்ற துளியும் அதிகம்.

அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல மாரின்னு ஒரு கவுன்டி, அங்க ஒரு ஆரம்பப் பள்ளியில 2021 மே மாசம் நடந்தது. தடுப்பூசி போடாத ஒரு டீச்சர், மூக்கடைப்பும் சோர்வும் இருந்தும் அலர்ஜின்னு நினைச்சு ரெண்டு நாள் வேலைக்கு வந்திருக்காங்க, பசங்களுக்கு வாசிச்சுக் காட்டும்போது மட்டும் மாஸ்க்க எடுத்திருக்காங்க. 24 பிள்ளைங்கள்ல 12 பேருக்கு வந்துடுச்சு. முன்னாடி ரெண்டு வரிசையில இருந்த 10 பேர்ல 8, பின்னாடி மூணு வரிசையில 14 பேர்ல 4. இத்தனைக்கும் பிள்ளைங்க மாஸ்க்கோட இருந்தாங்க, ஜன்னல் கதவு திறந்து இருந்துச்சு, காத்து வடிகட்டுற மெஷினும் ஓடுச்சு. ஸ்டெப் 1 மட்டும் போதும்னு நிக்காதீங்கன்னு சொல்றது இதனாலதான். இதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும், முதல் பெஞ்சுல ஒரு பிள்ளை இருமினா முதல்ல வாங்கிக்கிறது நாமதான், அதனால போர்டுக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவுல ஆறடி விட்டு சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டுக்குங்க.

இதுக்கு வழி இடுப்புல கட்டுற சின்ன ஸ்பீக்கர், காதுல மாட்டுற மைக், டூரிஸ்ட் கைடு வச்சிருப்பாங்களே அது. மைக்க மாஸ்க்குக்கு வெளிய கன்னத்தோரமா வைங்க, உள்ள சொருகினா லீக் ஆகும். ஸ்பீக்கர மைக்குக்கு நேரா திருப்பினா கீய்ய்ங்னு கத்தும், முதல் நாள் கிளாஸே சிரிக்கும், பரவாயில்ல. சத்தம் போடாம மெதுவா பேசினாலே கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். ஸ்பீக்கர ரெண்டு பேர் பங்கு போட்டுக்கலாம், மைக்கோட ஸ்பாஞ்ச் மட்டும் ஆளுக்கு ஒண்ணு.

ஸ்டெப் 4: ஸ்டாஃப் ரூம் டீ

கிளாஸ்ல அவ்வளவு பத்திரமா இருந்துட்டு பதினொரு மணிக்கு ஸ்டாஃப் ரூம்ல எட்டு பேர் மாஸ்க்க கழட்டி வச்சிட்டு ஒரே தட்டுல வடை பிச்சு சாப்பிடுவோம். இங்கிலாந்துல 2020 ஜூன்ல பள்ளி திறந்தப்ப ஆராய்ஞ்சு பாத்ததுல பிள்ளைங்கள விட ஸ்டாஃபுக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவுலதான் அதிகமா பரவியிருந்துச்சு. எங்க கதையும் அதேதான், 2022 ஜனவரியில எங்க ஆளுங்க நாலு பேர் வரிசையா படுத்தோம், நாலு பேரும் ஒரே டேபிள்ல சாப்பாட்டு டப்பாவ மாத்திக்கிட்டவங்க. வராண்டாவுல, மரத்தடியில, மாடிப்படியில எங்க வேணா சாப்பிடுங்க, ரெண்டு ரெண்டு பேரா. கூட்டுப்பொரியல் பரிமாற்றம் கொஞ்ச நாளைக்கு நிக்கட்டும். எச்.எம். மீட்டிங்கும் அந்தச் சின்ன ரூம்ல வேண்டாம், கிரவுண்ட்ல நின்னுக்கிட்டே பேசினா சீக்கிரமும் முடியும்.

ஸ்டெப் 5: விட்டுடக்கூடிய வேலைங்க

நோட்ட வெயில்ல காயப்போட்டு திருத்தினதெல்லாம் செஞ்சிருக்கேன், தேவையில்ல. தொட்ட பொருள்ல இருந்து வர்றதுக்கு வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழன்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2021 ஏப்ரல்ல சொல்லிடுச்சு. திருத்தி முடிச்சிட்டு சோப்பு போட்டு 20 செகண்ட் கை கழுவுங்க, போதும். டெம்பரேச்சர் கன்ன முழுசா நம்பாதீங்க, வெயில்ல நடந்து வந்த பிள்ளைக்கு ஏத்தி காட்டும், அம்மா பாராசிட்டமால் கொடுத்து அனுப்பின பிள்ளைக்கு நார்மல்னு காட்டும். ஆளுங்க மேல மருந்து அடிக்கிற சுரங்கம் வேண்டவே வேண்டாம், கண்ணும் தோலும்தான் கெடும்.

ஒண்ணே ஒண்ணு, பாத்ரூம் கழுவறவங்ககிட்ட பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒண்ணா ஊத்த வேண்டாம்னு கண்டிப்பா சொல்லுங்க. குளோரின் வாயு கிளம்பும். எங்க ஆயாம்மா ஒருத்தங்க ரெண்டும் கலந்தா ரெட்டிப்பா சுத்தமாகும்னு ஊத்திட்டு மூச்சு திணறி வெளிய ஓடி வந்தத நேர்ல பாத்தவ நான்.

ஸ்டெப் 6: உடம்பு முடியலன்னா

"சி.எல். போச்சே", "போர்ஷன் முடியலயே"ன்னு மாத்திரை போட்டுட்டு வர்றதுதான் நம்ம வியாதி. தொண்டை கரகரன்னா அன்னிக்கே லீவ் சொல்லிடுங்க. ரேப்பிட் டெஸ்ட் முதல் நாள் நெகட்டிவ் வந்தா ஜாலின்னு கிளம்பிடாதீங்க, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு திரும்ப பாருங்க. ஆக்ஸிமீட்டர அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்த அப்புறம் மாட்டுங்க, நெயில் பாலிஷ அழிச்சிடுங்க. ஆக்சிஜன் அளவு 94க்கு கீழ இறங்கினா யோசிக்காம ஆஸ்பத்திரி. உக்காந்தா சரியா இருக்கு, ஆறு நிமிஷம் வீட்டுக்குள்ள நடந்துட்டு பாத்தா மூணு பாயின்ட் குறையுதுன்னாலும் டாக்டர பாக்கணும். சந்தேகம்னா 104 மருத்துவ ஆலோசனை நம்பருக்கு போன் போடுங்க. தடுப்பூசி வந்துட்டா நம்ம டர்ன் வந்த அன்னிக்கே போட்டுக்குங்க, லீவ் நாளா பாத்து போடலாம்னு தள்ளாதீங்க.

சுகர், ஆஸ்துமா, கர்ப்பமா இருக்கிறவங்க டியூட்டி மாத்தச் சொல்லி எழுதிக் கேளுங்க, வாயால கேட்டா வாயாலயே முடிஞ்சிடும்.

ஸ்டெப் 7: ஒரு ஃபைல்

இது கொஞ்சம் மனசு கனக்கிற ஸ்டெப். 2021 ஏப்ரல்ல உத்தரப் பிரதேசத்துல பஞ்சாயத்து எலெக்‌ஷன் டியூட்டிக்கு டீச்சர்ங்கள அனுப்பினாங்க. அங்க ஆசிரியர் சங்கம் 1,621 பேர் இறந்துட்டாங்கன்னு லிஸ்ட் கொடுத்துச்சு. அரசு முதல்ல ஒத்துக்கிட்டது 3. எப்படின்னா, வீட்டுல இருந்து கிளம்பி டியூட்டி முடிச்சு வீடு திரும்பற வரைக்கும் இறந்தாத்தான் கணக்குன்னு விதி. இந்த நோய் தொத்தி ஆள சாய்க்கவே ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அப்புறம் யாரு அந்தக் கணக்குல வருவா? பெரிய சத்தம் போட்ட பிறகுதான் டியூட்டியில இருந்து 30 நாளுக்குள்ள இறந்தாலும் நிவாரணம்னு மாத்தினாங்க.

அதனால எலெக்‌ஷன், சர்வே, முகாம்னு எந்த டியூட்டி போட்டாலும் ஆர்டர் காப்பிய வாங்குங்க, போன்ல சொன்னாங்கன்னா "நீங்க சொன்னபடி இந்த தேதியில இங்க போறேன்"னு ஒரு மெசேஜ் போட்டு வைங்க. டியூட்டி தேதி, கையெழுத்து போட்ட அட்டெண்டன்ஸ் போட்டோ, டெஸ்ட் ரிசல்ட் வந்த தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, என்.எச்.ஐ.எஸ். (அரசு ஊழியர் மருத்துவக் காப்பீடு) கார்டு, சர்வீஸ் ரெஜிஸ்டர்ல நாமினி பக்கத்தோட நகல், எல்லாம் ஒரே ஃபைல்ல. நாமினி பேர கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தாதவங்க நம்ம ஸ்டாஃப் ரூம்லயே மூணு பேர் இருக்கோம், கேட்ட அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, நானும் அதுல ஒருத்தி. எல்லாத்துக்கும் ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க. ஒண்ணு உங்க பீரோவுல இருக்கட்டும், இன்னொண்ண வீட்டுல யாருக்கு படிச்சா புரியுமோ அவங்க கையில கொடுத்து எங்க வைக்கிறாங்கன்னு பாத்துக்குங்க.