ஏஆர்பியும் சுவிட்சும்: இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் ஐஸ் பிளான்ட், இறால் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் வேலை. கூட வரும் புதுப் பையன்கள் நான் முன்பு செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேபிளை மாற்றிச் சொருகுவது மாதிரியானவை தானாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். சுவிட்ச் என்பது கணினிகளை வயரால் இணைக்கும் பெட்டி; ஐபி நாம் கருவிக்குக் கொடுக்கும் நெட்வொர்க் முகவரி, மேக் கருவியோடு வரும் முகவரி; ஐபியை வைத்து மேக்கைக் கேட்டறியும் முறைதான் ஏஆர்பி.

சுவிட்ச் ஐபியைப் படிக்கிறது என்று நம்புவது

படிப்பதில்லை. சாதாரண லேயர் 2 சுவிட்ச் (மேக்கை வைத்து மட்டும் வேலை செய்வது), உள்ளே வரும் ஃப்ரேம், அதாவது தகவல் துண்டு, எதுவானாலும் அதை அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து, எந்தப் போர்ட்டில் வந்தது என்று குறித்துக்கொள்ளும்; பெறுபவரின் மேக்கைப் பார்த்து அனுப்பிவிடும். 1982-இல் ஆர்எஃப்சி 826 என்ற நெட்வொர்க் விதிமுறை ஆவணத்தில் ஏஆர்பியை எழுதி வைத்தது, ஐபி தெரிந்த கணினி எதிராளியின் மேக்கைக் கண்டுபிடிப்பதற்காக, சுவிட்சுக்காக அல்ல. "இந்த ஐபி யாருடையது?" என்ற கேள்வி எல்லாப் போர்ட்டுக்கும் போகிறது, பதில் கேட்டவருக்கு மட்டும் திரும்புகிறது, இந்தப் போக்குவரத்தில் இரண்டு பேரும் இருக்கும் இடம் சுவிட்சுக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஏஆர்பியே வேண்டாம் என்று நிறுத்துவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு ஐஸ் பிளான்ட்டில் கேமராப் படங்களை ஒரு ரெக்கார்டருக்கு யுடிபியில் (பதிலை எதிர்பார்க்காமல் அனுப்பும் முறை) ஒருவழியாக அனுப்பும்படி வைத்திருந்தேன். ஏஆர்பி கேள்விகள் வீண் சத்தம் என்று நினைத்து, அனுப்பும் பக்கம் ரெக்கார்டரின் மேக்கை நிரந்தரமாக எழுதிவிட்டேன். அதற்கப்புறம் படகுத்துறையில் இருக்கும் பில் போடும் கணினி திணற ஆரம்பித்தது, அதற்குப் போவது ரேடியோ லிங்க். உப்புக்காற்றில் ரேடியோ போய்விட்டது என்றால் எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள், நானும் அதையே சொல்லி அவர்களைப் புது ஜோடி வாங்க வைத்தேன். சரியாகவில்லை. ரெக்கார்டரை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் ஐந்து நிமிடம் நன்றாக ஓடும்.

அந்த ஐந்து நிமிடம்தான் விஷயமே. 300 நொடி பேசாமல் இருக்கும் கருவியின் மேக்கைப் பல சுவிட்சுகள் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். ரீஸ்டார்ட் ஆகும்போது பேசியதோடு சரி, அதற்கப்புறம் ரெக்கார்டர் வாங்கிக்கொண்டே இருந்ததே தவிர, வாயைத் திறக்கவே இல்லை; கேள்வியே வராததால் ஏஆர்பி பதில்கூட அனுப்பவில்லை. சுவிட்ச் அதை மறந்துபோய், எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தெரியாமல், அதற்கு வந்த படம் முழுவதையும் எல்லாப் போர்ட்டிலும், ரேடியோ லிங்கிலும் சேர்த்துக் கொட்டியது. நான் எழுதிய வரிகளை அழித்துவிட்டு, ரெக்கார்டர் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்வேயை (வெளியே போகும் வழியான ரூட்டரை) பிங் செய்து கூப்பிடும்படி வைத்த பிறகுதான் அடங்கியது. நான் எழுதாவிட்டாலும் இது வரலாம்: சிஸ்கோ ரூட்டரில் ஏஆர்பி பட்டியல் இயல்பாக 4 மணி நேரம் நிற்கும், சுவிட்சில் மேக் 5 நிமிடம்தான். பேசாத கருவி எதை மாட்டினாலும் இந்த இடைவெளியை முதலில் பாருங்கள். ரேடியோவுக்குக் கொடுத்த பணம் அந்த முதலாளிக்குத் திரும்பவில்லை.

லூப்

ஸ்பானிங் ட்ரீ (இப்படிச் சுற்றுவதைத் தடுக்கும் ஏற்பாடு) இல்லாத சுவிட்சில் ஒரே வயரின் இரண்டு முனையையும் சொருகினால், ஒற்றை ஏஆர்பி கேள்வியே நிற்காமல் சுற்றி எல்லாவற்றையும் படுக்க வைக்கும்.

மெஷினை மாற்றிப் பழைய ஐபியையே கொடுத்தபின் சுவிட்சை ரீஸ்டார்ட் செய்வது

பழைய மேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பது மற்றக் கணினிகளும் ரூட்டரும்தான். அங்கே இருக்கும் ஏஆர்பி பட்டியலை அழியுங்கள்.