ஸ்லிக் டயர் மாற்றியதும் ஓயாத பஞ்சர்

ரோடு பைக்குக்குப் பதில் மவுண்டன் பைக்கிலேயே ஈசிஆரில் சைக்கிள் பந்தயப் பயிற்சி எடுக்கிறேன். வேகத்துக்காக 2.1 அங்குலக் கரடுமுரடு டயரைக் கழற்றி 1.5 அங்குல ஸ்லிக் (வழவழப்பான டயர்) போட்டதிலிருந்து பின்சக்கரம் ஓயாமல் பஞ்சர். முள், கண்ணாடித் துண்டு ஏதாவது குத்துகிறதா என்று டயரை உள்ளும் புறமும் தடவிப் பார்த்தாயிற்று, டியூபும் மாற்றியாயிற்று. காற்று நிற்கவில்லை.

டியூபைத் தண்ணீரில் அமுக்கியபோதுதான் கவனித்தேன்: ஓட்டை சாலைப் பக்கம் இல்லை, ரிம் பக்கம். அதைச் சுற்றி சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டத் தடம். ரிம்மில் ஸ்போக் கம்பி மாட்டும் துளையின் அச்சேதான்! பழைய டயருக்கு 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். ஸ்லிக்குக்கு 75 அடிக்கிறேன். அந்த அழுத்தத்தில் ரிம்மின் மெல்லிய ரப்பர் பட்டை விலகி, டியூப் துளைக்குள் பிதுங்கியிருக்கிறது.

சரி என்று ரப்பரை எடுத்துவிட்டு, துளைகள் முழுதாக மறையும் அகலத்தில் துணி ரிம் டேப் ஒட்டினேன். மாமல்லபுரம் போய்வந்தும் காற்று அப்படியே நிற்கிறது. அப்பாடா!