கினிப்புல்லை அகற்றி நம் புல்லை நிறுத்துவது எப்படி? கொழும்புக் காணிகளுக்கான செய்முறை

தெஹிவளையில், கால்வாய் ஓரமாக எங்களுக்கு ஒரு சிறு வெற்றுக் காணி இருக்கிறது. ஆள் உயரக் கினிப்புல் நின்ற அந்த இடத்தை இப்போது அறுகும் ஒட்டுப்புல்லும், தரையோடு படரும் சிறுபுள்ளடியும் மூடியிருக்கின்றன. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். மண்வெட்டி பிடிக்கத் தெரியும், காணி உங்களுடையது அல்லது உரிமையாளரின் சம்மதம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

"தம்பி, புல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லையா நடுகிறீர்கள்?" என்று பக்கத்து வீட்டு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். கினிப்புல் ஆபிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனமாகக் கொண்டுவரப்பட்டது. அதன் விதைகளில் பெரும்பாலானவற்றில் கரு, தந்தையின் பங்கில்லாமலே உருவாகிறது; அதாவது அவை தாய்ச்செடியின் நகல்கள். ஒரே ஒரு தூர் வந்து சேர்ந்தால் போதும், ஒரு வெளியையே பிடித்துவிடும். காய்ந்து நிற்கும்போது எளிதில் தீப்பற்றும். தீ அணைந்ததும் அடித்தூரிலிருந்து முதலில் துளிர்ப்பதும் அதுவேதான். அதன் நிழலில் குட்டையான நாட்டுப் புற்கள் எழ முடிவதில்லை.

படி 1: வெட்டுவதல்ல, தூரோடு எடுப்பது

புல்வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். அது கினிப்புல்லுக்கு முடிவெட்டிவிடுவது போலத்தான். சில வாரங்களில் முன்னிலும் அடர்ந்து வரும். என் தேர்வு அலவாங்கு. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது தூரின் பக்கவாட்டில் இறக்கி நெம்பினால், அடித்தண்டு முழுவதும் வேர்க்கொத்தோடு கிளம்பி வரும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள்.

பூக்குமுன் செய்ய வேண்டிய வேலை இது. கினிப்புல்லின் கதிர் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. நுனி உதிரத் தொடங்கும்போது அடி இன்னும் பச்சையாக இருக்கும். கதிர் வந்துவிட்டால் முதலில் கதிர்களை மட்டும் வெட்டி உரப்பைக்குள் கட்டுங்கள். பூக்காத புல்லை மாடு வளர்ப்பவர் யாராவது மகிழ்ச்சியோடு ஏற்றிக்கொண்டு போவார்.

களைகொல்லி? இலங்கை 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியது, பின்னர் 2022இல் தடையை நீக்கியது. சட்டம் எப்படி இருந்தாலும் கால்வாய்க்கரையில் நான் தெளிக்கமாட்டேன். சிறு காணிக்கு அது தேவையும் இல்லை.

படி 2: மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

மேல்மண்ணை நாலைந்து இடங்களில் எடுத்து ஒரு தட்டில் பரப்பி, ஈரமாக வெளிச்சத்தில் வையுங்கள். முளைத்து வருவதுதான் உங்கள் காணியின் விதை இருப்பு. இதைப் பார்க்காமல் நட்டால் நீங்கள் நட்டதையும் மண் தந்ததையும் பிரித்தறிய முடியாது.

கினி முளைகள் மிகுதியாக வந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலமென்றால் நிலத்தை நனைத்து, நிறமற்ற பொலித்தீனை இறுக்கமாகப் போர்த்தி, ஓரங்களை மண்ணால் மூடி, ஆறு வாரமளவில் விடுங்கள். கறுப்புப் பொலித்தீனைவிட நிறமற்றதன் அடியில் மண் கூடுதலாகச் சூடேறும். மழைக்காலமென்றால் தானாக முளைக்கவிட்டு, இரண்டு இலைப் பருவத்தில் மண்வெட்டியால் மேலோட்டமாகச் செருக்கிவிடுங்கள். பிறகு மறுபடியும் முளைக்கவிட்டு மறுபடியும் செருக்க வேண்டும். ஆழமாகக் கொத்தாதீர்கள், அடியில் உறங்கும் விதைகளை நீங்களே மேலே கொண்டுவந்துவிடுவீர்கள்.

படி 3: எது எந்த முளை?

என்னை நீண்ட நாள் இழுத்தடித்த படி இதுதான். பூத்த புல்லை அடையாளம் காண ஆயிரம் படங்கள் கிடைக்கும். இரண்டு அங்குல உயரத்தில் எல்லாப் புல்லும் பச்சை நூல்தான்.

வழி ஒன்று உண்டு: ஒப்புச் சட்டிகள். நிச்சயமாகத் தெரிந்த செடிகளிலிருந்து விதை எடுத்து, ஒவ்வொன்றையும் தனிச் சட்டியில், பெயர் எழுதி, நிலத்தில் நடும் அதே நாளில் விதையுங்கள். நிலத்தில் சந்தேகமான முளை தெரிந்தால் அதே வயதுச் சட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் புத்தகமும் இந்த அளவுக்கு உதவாது.

அடுத்தது, கைக்கடிகாரம் திருத்துபவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. கைபேசி கமெராவைவிட அதையே நம்புகிறேன். கினிப்புல்லின் விதையை வெளி உமி நீக்கிப் பார்த்தால், உள் உமியின் மேல் குறுக்காக நெளிநெளியான சுருக்கங்கள் தெரியும். வளர்ந்த கதிரில் அடிக்கிளைகள் ஒரே கணுவிலிருந்து வட்டமாகக் கிளம்பும். ஒட்டுப்புல்லில் ஒரு காம்பில்லாச் சிறுகதிரும் இரண்டு காம்புள்ளவையும் சேர்ந்து மூன்றாக நிற்கும். அடியில் ஊசிமுனை, சாரத்தில் குத்திக்கொண்டு வீடுவரை வருவது அதனால்தான். இலுக் புல்லின் நடுநரம்பு வெள்ளையாக, சற்று ஒருபக்கம் விலகி ஓடும்.

இங்கே ஒரு பக்கக் கதை. தொட்டாற்சுருங்கியை "நம் செடி" என்று பலர் பத்திரமாக விட்டுவைக்கிறார்கள். அதன் சொந்த ஊர் அமெரிக்க வெப்பமண்டலம். நாற்றுமேடையில் மலேசியப் புல் என்று விற்கப்படுவதும் அங்கிருந்து வந்த புல்லினம்தான். மறுபுறம், இலுக் இந்த மண்ணுக்குரியதே என்றாலும் எரிந்த, சிதைந்த நிலத்தில் அந்நியனைப் போலவே ஆக்கிரமிக்கும். பிறப்பிடத்தை மட்டும் பார்த்து நல்லது கெட்டது தீர்மானிக்காதீர்கள்.

படி 4: விதையை எங்கிருந்து எடுப்பது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதினேன். எல்லோரும் விதை எடுக்கச் சுத்தமான, அழகான புல்வெளியைத் தேடிப் போகிறார்கள். நான் அதற்கு நேரெதிர். கினிப்புல் அடர்ந்த ஒழுங்கை ஓரத்தில், அதன் காலடியில் இன்னும் உயிரோடு பூத்து நிற்கும் ஒட்டுப்புல்லையே தேடுகிறேன்.

காரணம் பரிணாமம். தாவரம் புதிய நாட்டுக்கு வரும்போது அதைத் தின்னும் பூச்சிகள் பல பழைய ஊரிலேயே நின்றுவிடுகின்றன. தற்காப்புக்குச் செலவிட்ட சக்தியை வளர்ச்சிக்குத் திருப்பும் வகைகளே தலைமுறை செல்லச் செல்ல மிஞ்சும் என்பது பிளோசி, நோட்சோல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் முன்வைத்த கருதுகோள். வந்தவன் மாறினால் இருப்பவனும் மாற வேண்டுமல்லவா? அமெரிக்காவின் கிரேட் பேசின் பகுதியில் சீட்கிராஸ் என்ற யூரேசியப் புல் பெருநிலங்களைப் பிடித்திருக்கிறது. அங்குள்ள ஒரு நாட்டுப் புல்லை எலிசபெத் லெகர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார். சீட்கிராஸ் ஆக்கிரமித்த இடங்களில் எஞ்சிய செடிகளின் வழிவந்தவை, ஆக்கிரமிப்பு இல்லாத இடத்துச் செடிகளைவிட அந்தப் போட்டியைச் சிறப்பாகத் தாங்கின. தாங்காதவை முன்பே செத்துவிட்டன. மிஞ்சியவை சலித்தெடுத்த விதை. அதே கணக்கில்தான் நான் ஒழுங்கை ஓரங்களில் குனிந்து திரிகிறேன்.

ஆனால் ஒரே இடத்தில் அள்ளிவிடாதீர்கள். அறுகு ஓடி வேர்விடும் புல். ஒரு முற்றம் முழுவதும் ஒரே செடியாக இருக்கலாம். தூரத்தூரமாக உள்ள பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எந்தத் திட்டிலும் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 5: உரம் போடாமல் நடுவது

ஒக்டோபர் மழை தொடங்கும்போது நடுங்கள். கூட்டெருவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். நைதரசன் மிகுந்தால் வேகமாக வளர்பவற்றுக்கே லாபம், அதாவது கினிப்புல்லுக்கு. மண் ஏற்கெனவே கொழுத்திருந்தால் மொறட்டுவை மரப்பட்டறைகளில் மரத்தூள் வாங்கி மேல்மண்ணில் கலந்துவிடுங்கள். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நைதரசனைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளும். கிரவல் மண் என்று வருந்தாதீர்கள். ஒட்டுப்புல் அதில்தான் சிறக்கும்.

நேரடியாக விதைப்பதைவிடத் தட்டில் வளர்த்த நாற்றை நெருக்கமாக நடுவதே மேல். இடையில் சிறுபுள்ளடி, விஷ்ணுகிராந்தி. வெற்று மண் கண்ணில் படக்கூடாது. பிறகு வாரம் ஒருமுறை ஒப்புச் சட்டியோடு ஒரு சுற்று வந்து, கினி முளைகளைக் கையால் பிடுங்குங்கள்.

பிற்சேர்க்கை, வாசகர் கேள்விகளுக்குப் பின்

வவுனியாவிலிருந்து எழுதிய அக்கா கேட்டது பார்த்தீனியம் என்ற களையைப் பற்றி. கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தொடாதீர்கள். தோல் அழற்சியும் மூச்சுத் தொல்லையும் தரும். பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். அது வெளியிடும் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கக்கூடியது. எனவே பிடுங்கிய செடிகளை நடப்போகும் இடத்தில் மூடாக்காகப் போடாதீர்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி, ஹோட்டன் சமவெளியில் புல்விதை எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். அது 1988 முதல் தேசியப் பூங்கா. ஒரு கதிரைக்கூட எடுக்கக்கூடாது. அதோடு 2,000 மீற்றருக்கு மேல் குளிரில் பழகிய பத்தனைப் புல்லுக்கு, அதாவது மலை வெளிகளின் புல்லுக்கு, தெஹிவளை வெக்கையில் வேலையில்லை.

கால்வாய்க்கரை மண் சரிகிறது என்றவர்களுக்கு: கரையோரம் மட்டும் வெட்டிவேரை வரிசையாக வையுங்கள். வழக்கமாக நடப்படும் வகைகள் முளைக்கும் விதை தருவதில்லை என்பதால் தானாகப் பரவாது. தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, வரிசைக்குள் நான்கு விரல் இடைவெளி விட்டு நடுங்கள்.