'இன்முகத்துடன் பழகினார்' போதாது: நினைவு மலருக்கு ஒரு வாழ்க்கையைச் சேர்ப்பது எப்படி

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்ட், பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிக்கிறோம். ஆனால் கடை ஓடுவது, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலர்களால்தான். வருகிறவர்கள் நீட்டும் தாளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அன்னார் எல்லோருடனும் இன்முகத்துடன் பழகும் பண்பாளர், கடின உழைப்பாளி, சிறந்த இறைபக்தர்." பெயரை மட்டும் மாற்றினால் போன மாதம் அடித்த மலருக்கும் பொருந்தும். மிச்சப் பக்கம் முழுக்கத் தேவாரமும் சிவபுராணமும். அவை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொண்ணூறு வயது வரைக்கும் வயலுக்குப் போன மனுசனுக்கு மூன்று வரியா?

எங்கட அம்மப்பா காலமானபோது அவருடைய மலரை நானே எழுதினேன். அதையும் கடையில் பார்த்ததையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் விசயம், எட்டாம் நாள் முடியுமட்டும் காத்திருக்க வேண்டாம். இறந்தவரைத் தெரிந்த ஆட்கள் எல்லாரும் உங்கள் வளவுக்கு வந்து கதிரையில் இருப்பது அந்த நாட்களில்தான். பிறகு ஒவ்வொருவரையும் தேடி மண்டூருக்கும் வெல்லாவெளிக்கும் போக வேண்டிவரும். வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள். எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள், யாரும் எழுதமாட்டார்கள். யாராவது கதை சொல்லத் தொடங்கினால் பேரப்பிள்ளைகளில் ஒருவர் பக்கத்தில் இருந்து எழுத வேணும். போனில் பதிவு செய்வதென்றால் "பதியட்டா?" என்று கேட்டுவிட்டுக் கதிரையிலேயே வைத்துவிடுங்கள். முகத்துக்கு நேரே பிடித்தால் வயது போனவர்கள் உடனே மேடைப் பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

யாரிடம் கேட்பது? பிள்ளைகளிடம் கடைசியாகக் கேளுங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட தகப்பனைத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும், அதிலும் அழுகை நடுவில் வந்துவிடும். முதலில் அவருடைய சகோதரிகள் இருந்தால் அவர்கள். அடுத்தது பக்கத்து வயல்காரர், கோயில் ஆட்கள், கூத்தாடியவர்கள். கேள்வியையும் கவனித்துக் கேட்க வேணும். "அவர் எப்படிப்பட்டவர்?" என்றால் "நல்ல மனுசன்" என்பதோடு கதை முடிந்துவிடும். "விடிய எழும்பி முதல் என்ன செய்வார்?" "எதுக்குக் கோபம் வரும்?" "ஆரோட கதைக்காம இருந்தவர்?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மப்பாவின் தங்கச்சியிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "என்னோடதான் மனே, ரெண்டு வருசம்" என்றா. ஒரு பசுக்கன்றுக்காக வந்த சண்டையாம். அதுவும் மலரில் இருக்கிறது.

தொழிலைப் பற்றி எழுதும்போதுதான் அதிகம் தவறவிடுகிறார்கள். "விவசாயி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் வீடு எழுவான்கரையில், வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். அப்படியென்றால் எப்படிப் போனார்? அம்மப்பா குருமண்வெளியில் வாவி கடக்கும் பாதைப் படகில் ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து நடை. விதைப்பு முடிந்தால் வயல் குடிசையான வாடியிலேயே கிடை, யானைக்குக் காவல். வெள்ளாமை வெட்டும் காலத்தில் கிழமைக்கொருதரம் அம்மம்மா சோற்றுப் பெட்டி கொடுத்தனுப்புவா. சொந்த வயலா, குத்தகையா, பெரிய வயல்காரரான போடியாருக்கு வயலைப் பார்த்துக்கொடுக்கும் முல்லைக்காரனாக இருந்தாரா என்று கேளுங்கள். சிலர் முல்லைக்காரனாக இருந்ததைச் சொல்ல வெட்கப்படுவார்கள். எனக்கு அது விளங்குவதே இல்லை. பத்துப் பேரை வைத்து வேலை வாங்கி, தண்ணீரும் பார்த்து, களத்தில் கணக்கும் கொடுத்த மனுசன் அவர். எருமை பூட்டிச் சூடு மிதித்து நெல் பிரித்தது எந்த வருசம் வரைக்கும், முதல் உழவு மெசின் யாருடையது, வெட்டு மெசின் வந்தபோது என்ன சொன்னார் என்றும் கேளுங்கள். அம்மப்பா வெட்டு மெசினைக் கடைசி வரைக்கும் திட்டினார், வைக்கலை நாசமாக்குதாம். மழை வெள்ளத்தில் வயல் வேலை இல்லாத நாட்களில் வீட்டுக்குப் பின்னால் வெற்றிலைத் தோட்டம். களுதாவளை, களுவாஞ்சிகுடி மணலில் வெற்றிலை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு நாளும் லீவு தராத பயிர்.

அடுத்தது வருசங்கள். வயது போனவர்கள் வருசத்தை இலக்கத்தில் சொல்வது குறைவு. "புயலுக்கு முந்தி", "வெள்ளத்துக்குப் பிறகு" என்றுதான் சொல்வார்கள். அதை நீங்கள்தான் மாற்றி எழுத வேணும். ஜப்பான்காரன் குண்டு போட்டு மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' கப்பல் மூழ்கியது 1942 ஏப்ரல் 9. கல்லோயாத் திட்டம் தொடங்கியது 1949. பெருவெள்ளம் 1957 டிசம்பர். அம்பாறை தனி மாவட்டமானது 1961. பாணுக்கு வரிசையில் நின்ற கதை என்றால் அநேகமாக 1970க்கும் 1977க்கும் இடையில். புயல் 1978 நவம்பர் 23 இரவு. யுத்தத்தில் ஊரோடு ஓடிய கதை பெரும்பாலும் 1990. சுனாமி 2004 டிசம்பர் 26. "புயலடிச்சு அடுத்த வருசம்தான் உன்ட கொம்மா பெரிய மனுசியானா" என்று ஒருவர் சொன்னால், உங்களுக்கு 1979 கிடைத்துவிட்டது.

பிறந்த தேதிக்கு அடையாள அட்டையைப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் உள்ள பழைய அட்டையென்றால் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம். அடுத்த மூன்று இலக்கம் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். எந்த வருசமானாலும் பெப்ரவரியை 29 நாளாக வைத்தே எண்ண வேணும். 061 என்றால் மார்ச் 1. ஆனால் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். அம்மப்பாவின் அட்டை 31001 என்று தொடங்குகிறது, அதாவது 1931 சனவரி முதலாம் தேதி. பதிந்தவருக்கு ஏதோ ஒரு நாள் வேண்டியிருந்திருக்கிறது. றங்குப்பெட்டிக்குள் கிடந்த சாதகத்தில் பிரஜோற்பத்தி வருசம் மாசி மாதம் என்று இருந்தது. பிரபவ வருசம் 1927 சித்திரையில் பிறந்தது என்பதிலிருந்து எண்ணினால் பிரஜோற்பத்தி 1931 சித்திரையில் தொடங்கும். அதன் மாசி வருவது 1932இல். ஆக அட்டையை விட ஒரு வயது குறைவு. மலரில் சாதகத்துத் தேதியைப் போட்டோம். பென்சன், காணி, வங்கி அலுவலுக்கு மட்டும் அட்டையில் உள்ளதையே கொடுங்கள், மாற்றினால் அலைச்சல்.

குடும்பப் பக்கத்துக்கு வருவோம். எங்கள் பகுதியில் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருவது. எனவே தகப்பன் பெயரோடு நிறுத்தாமல், தாயின் ஊர், தாயின் குடி, கல்யாணம் முடித்து எந்த வளவுக்கு வந்தார் என்பதையும் எழுதுங்கள். கோயிலில் எந்தத் திருவிழா உங்கள் குடிக்கு என்பது வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில்தான் தெரியவரும். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கரிடம் ஒருதரம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடி விசயத்தில் பிழை விட்டால் மலர் கொடுத்த அன்றே சண்டை.

சொல்லக் கஷ்டமான விசயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. முதல் தாரத்துப் பிள்ளைகளை விட்டுவிடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிப் பார்ப்பேன்: அவர்களும் அவரைத் தூக்கிப்போக வந்தவர்கள்தானே. யுத்தத்தில் காணாமல் போன மகன் இருந்தால் அவர் பெயரை மற்றப் பிள்ளைகளின் வரிசையிலேயே போடுங்கள். பெயருக்கு முன்னால் 'அமரர்' போடுவதா என்பதைத் தாயிடம்தான் கேட்க வேணும், மூத்த அண்ணனிடம் அல்ல. அவ வேண்டாமென்றால் போடக் கூடாது, அவ்வளவுதான்.

பக்தியையும் செயலாக எழுதுங்கள். அம்மப்பா வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் சடங்கின் கடைசியான குளுத்தி முடியுமட்டும் வீட்டில் படுக்கமாட்டார். கண்ணகி கதையான வழக்குரை பாடும் ஆட்களில் ஒருவர். தொண்டை அடைத்துவிட்டால் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுப் போவார். மண்டூர்க் கந்தனுக்கு நேர்த்தி. ஆடியில் உகந்தை, குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடை. எத்தனை தரம் நடந்தார் என்பதில் மாமாமார் இன்னும் உடன்படவில்லை, அதனால் "பல தடவை" என்று எழுதினோம். இளவயதில் வடமோடிக் கூத்தும் ஆடியிருக்கிறார் என்பது செத்த வீட்டுக்கு வந்த, கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கூத்துக் கொப்பி, வயல் கணக்குக் கொப்பி, காணிப் பேமிட், காணி உறுதி, கடிதம் எது கிடைத்தாலும் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அவருடைய கையெழுத்து ஒரு பாராட்டுரையை விட மேல்.

பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சட்டத்தோடு நிழலுக்குக் கொண்டுவந்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்ல, டொக்கியுமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் தரம் குறைந்துவிடும்.

திதியை மறக்க வேண்டாம். தமிழ் வருசம், மாதம், பூர்வ பக்கமா அபர பக்கமா (வளர்பிறையா தேய்பிறையா), என்ன திதி, இந்த நான்கும் பஞ்சாங்கம் பார்த்துப் போட வேணும். திதி வெண்பா எழுத ஊரில் ஆள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வசனமாகவே போடலாம். கனடாவில் இருக்கும் மகன் வருசா வருசம் திவசத்துக்கு இதைத்தான் திறந்து பார்ப்பார்.

அச்சுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். போனில் யூனிகோடில் அடித்துத் தாருங்கள், பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவது எங்கள் வேலை. மாற்றும்போது எழுத்துகள் சில இடத்தில் குழம்பும், ஆகவே பெயர்களை மட்டும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேணும். அதில் ஒருவர் மருமகளாக இருப்பது நல்லது, விடுபட்ட பெயர் அவருக்குத்தான் உடனே கண்ணில் படும். நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்கங்கள் நான்கால் பிரிய வேணும். மிஞ்சும் பக்கத்தை வெறுமையாக விடலாம், நிரப்பவென்று பொன்மொழி தேட வேண்டாம். வாசிக்கிறவர்களில் பாதிப்பேருக்குக் கண் மங்கல். எழுத்தைச் சிறிதாக்கித் தாள் மிச்சம் பிடிக்கச் சொல்லாதீர்கள். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னராவது கொண்டுவாருங்கள். அதற்கு முந்தின நாள் பின்னேரம் வந்து நின்றால் நான் மூன்று வரிதான் அடித்துத் தருவேன்.