தன்னையே கிண்டல் செய்து பேசுவது எப்படி: மோ யூடாலிடம் ஒரு பாடம்

அரிசோனாக்காரர் மோ யூடால் 1961 முதல் 1991 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 1976-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று, மாநிலம் மாநிலமாக நடந்த உட்கட்சித் தேர்தல்களில் ஜிம்மி கார்ட்டருக்கு அடுத்த இடத்தில் வந்து நின்றவர். அவருடைய மேடைக் கிண்டலில் பெரும்பகுதி, பழகினால் வரக்கூடிய தொழில்நுட்பம்தான்.

ஒரு தாளில் உங்கள் குறைகளை எழுதுங்கள். எதிராளி சொல்லக்கூடியவை மட்டும் போதும். யூடாலுக்குச் சிறுவயதிலேயே ஒரு கண் போய்விட்டது. மார்மன் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். பழமைவாதிகள் நிறைந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர். இதைவிடப் பெரிய பின்னடைவோடு யாராவது தேர்தலில் நிற்க முடியுமா என்று அவரே கேட்டுவிடுவார். அப்புறம் எதிராளி என்ன சொல்வது? ஒரு எச்சரிக்கை: நேர்மை, பணம், வேலைத்திறன் பற்றிய குறைகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அவற்றைக் கிண்டலாகச் சொன்னாலும் வாக்குமூலமாகத்தான் காதில் விழும்.

அடுத்தது கட்டுமானம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்த கதையை யூடால் ஊர் ஊராகச் சொன்னார். "நான் மோ யூடால், அதிபர் தேர்தலில் நிற்கிறேன்." கடைக்காரர்: "தெரியும், அதைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்." ஊர் ஒன்று, ஆள் இரண்டு, வசனம் இரண்டு. வெடிக்கும் சொல் கடைசியில். அதற்குப் பின் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. "என்று சொன்னாரே பாருங்கள்" என்று இழுத்தால் சிரிப்பு செத்துவிடும். உங்கள் துணுக்கை அரை நிமிடத்துக்குள் அடக்குங்கள். கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். கூட்டம் சிரிப்பதற்கு முன் நீங்கள் சிரிக்காதீர்கள். சிரிப்பு அடங்கத் தொடங்கும்போதே அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட வேண்டும், முழுக்க அடங்கினபின் அல்ல.

அந்த அடுத்த வாக்கியத்தில் விஷயம் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். யூடாலிடம் சொல்ல விஷயம் இருந்தது: காடும் நிலமும் காப்பது அவருடைய நெடுங்கால அக்கறை. அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்த 1980-ம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று போராடியவர் அவர். வெறும் துணுக்கு மட்டும் சொல்பவரை மக்கள் ரசிப்பார்கள், ஓட்டுப் போட மாட்டார்கள். (யூடாலுக்கே இந்தச் சிக்கல் ஓரளவு இருந்தது என்பது வேறு விஷயம்.)

கிண்டல் வெளியே திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1976-ல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற பாப் டோலைப் பாருங்கள். நாக்கில் யூடாலுக்குச் சளைத்தவர் அல்ல. ஆனால் அந்த ஆண்டுத் துணை அதிபர் விவாதத்தில் இருபதாம் நூற்றாண்டின் போர்களை எல்லாம் ஜனநாயகக் கட்சியின் போர்கள் என்று சாடப்போய், கடுகடுப்பானவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். கழுத்தைக் குறிவைக்கச் சொன்னார்கள், என் கழுத்தையே குறிவைத்துவிட்டேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். எதிராளியைப் பற்றிய வரி ஒன்று பேச்சில் இருந்தால், அதைத் தேர்தல் முடிந்த மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல முடியுமா என்று சோதியுங்கள். முடியாதென்றால் வெட்டுங்கள்.

தோல்வி நாளுக்கு ஒரு வரியை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். அன்றைக்கு யோசித்தால் புலம்பல்தான் வரும். 1976-ல் விஸ்கான்சின் மாநில உட்கட்சித் தேர்தலில் யூடால் வென்றதாகத் தொலைக்காட்சி அறிவித்து, விடிவதற்குள் கார்ட்டர் முந்திவிட்டார். நேற்று நான் பேசியதில் 'வெற்றி' வரும் இடமெல்லாம் 'தோல்வி' என்று திருத்திக்கொள்ளுங்கள் என்றார் யூடால். யாரையும் குறை சொல்லவில்லை, நீட்டவுமில்லை. 1971-ல் சபையின் பெரும்பான்மைத் தலைவர் பதவிக்கு நின்று ஹேல் பாக்ஸிடம் தோற்றபோது பேசக்கூட வேண்டியிருக்கவில்லை. சட்டையில் இருந்த 'மோ' பேட்ஜைத் தலைகீழாகத் திருப்பினார். ஆங்கில எழுத்தில் MO தலைகீழானால் OW, அதாவது 'ஆவ்' என்ற வலிக் கூச்சலாகிவிட்டது.