செல்லப்பிராணிக்கு உணவு வைக்கும் நேரத்தில் குடும்ப ஜெபம்

பெற்றோர் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் ஓடும் பினாங்குக் குடும்பங்களில் ஜெபத்திற்கென்று ஒரே நேரம் அமைவது கடினம். ஆனால் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், அதற்கு உணவு வைக்கும் நேரம் மட்டும் தவறுவதில்லை. அந்த நேரத்தையே ஜெபத்திற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை கிண்ணத்தை நிரப்பியதும், கீழே வைப்பதற்கு முன், சங்கீதம் 145-இன் 15, 16ஆம் வசனங்களை வாசிக்கச் சொல்லுங்கள். எல்லா ஜீவன்களின் கண்களும் கர்த்தரை நோக்கியிருப்பதைச் சொல்லும் வரியைப் பிள்ளை வாசிக்கும்போது, கிண்ணத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல், வாலால் தரையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாய் கண்முன்னே இருக்கிறது. நாம் எவ்வளவு விளக்கினாலும் இவ்வளவு ஆழமாகப் பதியாது என்பது என் உறுதியான எண்ணம். ஜெபம் இரண்டு வரி போதும், பசித்த பிராணியைக் காக்கவைக்கக் கூடாது.

தன் மிருகத்தின் மீதுள்ள அக்கறையை நீதிமானின் அடையாளமாக நீதிமொழிகள் 12:10 காட்டுகிறது. ஆகவே தார்ச்சாலை சுடுவதற்கு முன், காலையிலேயே நாயை நடக்க அழைத்துச் செல்லுங்கள்; புறங்கையைச் சில விநாடிகள் தரையில் வைக்க முடியாவிட்டால், அதன் பாதங்களும் தாங்காது. மாநகர் மன்றத்தின் நாய் உரிமத்தையும் புதுப்பித்து வையுங்கள்.

அக்டோபர் 4 அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாள். அதையொட்டிப் பிராணிகளை ஆசீர்வதிக்கும் வழக்கம் பல ஆலயங்களில் உண்டு என்பதால், உங்கள் ஆலயத்தில் நடக்குமா என்று செப்டம்பரிலேயே விசாரியுங்கள். கூட்டத்தைக் கண்டு மிரளும் பூனையைக் கூண்டில் வைத்தே கொண்டுபோகலாம்.